இடம் மாறினால் பொருள் மாறும்: ஆங்கில வாக்கியம் பற்றி வாசகர் கேள்விகள்

ஆங்கில இலக்கணத்தின் அடிப்படை, வாக்கிய அமைப்பு, நிறுத்தக்குறிகள் ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, பள்ளியிலும் கல்லூரியிலும் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவன் நான். சொற்களுக்குப் பொருள் தெரிகிறது. செய்தித்தாளும் ஓரளவு புரிகிறது. ஆனால் நானாக நான்கு வரி எழுத உட்கார்ந்தால் எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுகிறேன். இலக்கணத்தில் எதை முதலில் படிக்க வேண்டும்?

பதில்: சொற்களின் வரிசையை முதலில் படியுங்கள். காலங்களின் அட்டவணையும் இலக்கணப் பெயர்களும் பிறகு வரட்டும். தமிழில் ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அந்தச் சொல்லின் இறுதியில் ஒட்டியிருக்கும் உருபு சொல்லிவிடுகிறது. 'ஆசிரியர் மாணவனைப் பாராட்டினார்' என்றாலும், 'மாணவனை ஆசிரியர் பாராட்டினார்' என்றாலும், 'பாராட்டினார் ஆசிரியர் மாணவனை' என்றாலும் பாராட்டியவர் யார், பாராட்டப்பட்டவர் யார் என்பதில் குழப்பம் வராது. 'மாணவனை' என்பதில் உள்ள 'ஐ' உருபு அதைக் காத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. 'தி டீச்சர் ப்ரெய்ஸ்டு தி ஸ்டூடன்ட்' என்பதில் இரு பெயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாணவன் ஆசிரியரைப் பாராட்டியதாக ஆகிவிடும். எழுத்தில் எதுவும் கூடவில்லை, குறையவில்லை. இடம் மட்டும்தான் மாறியது. ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், வினைக்குப் பின்னால் நிற்பது செயப்படுபொருள். உருபு செய்ய வேண்டிய வேலையை அங்கே இடம் செய்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்களை ஓரளவு முன்பின்னாக மாற்றி வைக்கவும் முடிந்தது. சொல்லின் இறுதி அசைகள் பேச்சில் மெல்ல மெல்லத் தேய்ந்து, 1500ஆம் ஆண்டை ஒட்டி அந்த விகுதிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. 'ஹி' என்பது 'ஹிம்' ஆவதும் 'தே' என்பது 'தெம்' ஆவதும் அந்தப் பழைய அமைப்பின் எச்சங்கள். விகுதி போன பிறகு வரிசை இறுகியது. ஆகவே ஆங்கிலச் சொல் வரிசையை நடைபற்றிய விருப்பமாகக் கருதாமல், பொருளைத் தாங்கும் தூணாகக் கருதிப் படியுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தால் உங்கள் திணறல் பாதி குறையும். 'நேற்று நூலகத்தில் என் நண்பரைச் சந்தித்தேன்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் 'ஐ மெட் மை ஃபிரண்ட் இன் தி லைப்ரரி எஸ்டர்டே' என்பார்கள். தமிழில் நேற்று, நூலகத்தில், நண்பரை, சந்தித்தேன் என்று வந்தவை ஆங்கிலத்தில் சந்தித்தேன், நண்பரை, நூலகத்தில், நேற்று என்று தலைகீழாக நிற்கின்றன. இது ஒரு வாக்கியத்தோடு முடிவதில்லை. 'மேசைக்குக் கீழே' என்று நாம் பெயருக்குப் பின்னால் வைப்பதை அவர்கள் 'அண்டர் தி டேபிள்' என்று முன்னால் வைக்கிறார்கள். 'நான் வாங்கிய வீடு' என்பதில் வீட்டைப் பற்றிய விளக்கம் முன்னால் வந்து வீடு கடைசியில் வருகிறது. 'தி ஹவுஸ் தட் ஐ பாட்' என்பதில் வீடு முதலில் வந்து விளக்கம் தொடர்கிறது. தமிழ் தலைமைச் சொல்லை இறுதியில் வைக்கும் மொழி. ஆங்கிலம் பெரும்பாலும் அதை முன்னால் வைக்கும் மொழி. தமிழில் நினைத்ததைச் சொல்லுக்குச் சொல் இடமிருந்து வலமாக மாற்றிக்கொண்டே போகும்போது வாக்கியம் உடைவதற்குக் காரணம் இதுதான். எழுத உட்காரும்போது முதலில் வினையைக் கண்டுபிடியுங்கள். அதைச் செய்வது யார் என்று கேட்டு, விடையை அதற்கு முன்னால் வையுங்கள். யாரை, எதை என்பதை வினைக்குப் பின்னால் வையுங்கள். இடமும் காலமும் இறுதியில் வரட்டும். இந்த ஓர் அமைப்பில் சில வாரங்கள் தினமும் பத்து வாக்கியம் எழுதினால் கை தானாகப் பழகும்.

கேள்வி: 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் வரும் 'இட்' எதைக் குறிக்கிறது? மழையையா, வானத்தையா? என் மகள் கேட்டாள்; எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: எதையும் குறிக்கவில்லை என்றே உங்கள் மகளிடம் சொல்லலாம். ஆங்கிலத்தில், ஏவல் வாக்கியங்களைத் தவிர, வினைக்கு முன்னால் உள்ள எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது. நிரப்ப ஆள் இல்லாதபோது 'இட்' என்ற சொல்லோ 'தேர்' என்ற சொல்லோ அங்கே வந்து அமர்கிறது. தமிழுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் வந்தவர் நான் என்பது அடங்கியிருக்கிறது. 'வந்தாள்' என்பதில் பெண்பாலும் ஒருமையும் படர்க்கையும் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலத்தின் 'கேம்' என்ற சொல் இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை. அதனால்தான் அங்கே எழுவாயை விட்டுவிட முடியாது.

நம்மவர்கள் எழுதும் கடிதங்களில் 'இஸ் வெரி டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்' என்று தலையில்லாத வாக்கியங்கள் வருவது இதை மறப்பதால்தான். இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வன ஆங்கிலத்தில் எழுவாயாக மாறிவிடும்: 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ', 'ஐ ஹாவ் டூ சில்ட்ரன்'. 'எனக்கு' என்று மனத்தில் வந்தவுடன் 'டு மீ' என்று தொடங்கிவிடாமல் ஒரு கணம் நின்று யோசிப்பது நல்லது.

கேள்வி: 'டிட்' என்ற சொல் இறந்த காலம். 'வென்ட்' என்பதும் இறந்த காலம். அப்படியிருக்க 'டிட் யூ வென்ட்' என்பது ஏன் தவறு? இரண்டும் ஒத்துப்போகத்தானே செய்கின்றன?

பதில்: உங்கள் தர்க்கம் எனக்குப் புரிகிறது, பலர் இப்படி நினைத்தே தவறுகிறார்கள். ஆனால் ஆங்கில வினைத்தொடரில் காலத்தைக் காட்டும் பொறுப்பு ஒரே ஒரு சொல்லுக்குத்தான் உண்டு. அது தொடரின் முதல் சொல்லுக்கு உரியது. மற்றச் சொற்கள் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகின்றன. 'ஹி கோஸ்' என்பதைக் கேள்வியாக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்: 'டஸ் ஹி கோ?' 'கோஸ்' என்பதன் இறுதியில் இருந்த 'எஸ்' எழுத்து 'டஸ்' என்ற சொல்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 'கோ' என்பது வெறும் பகுதியாக நிற்கிறது. இறந்த காலத்திலும் இதேதான். 'டிட்' காலத்தைச் சுமந்துவிட்டதால் பின்னால் 'கோ' என்றுதான் வர வேண்டும். 'ஐ டிடின்ட் கோ' என்ற எதிர்மறைக்கும் விதி இதுவே. நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் துணைச்சொல் இல்லாமலே வினையை எழுவாய்க்கு முன்னால் நகர்த்திக் கேள்வி கேட்டார்கள். இன்றுள்ள 'டு', 'டிட்' அமைப்பு 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பரவி நிலைபெற்றது.

இங்கேயும் இடம்தான் கேள்வியை உண்டாக்குகிறது. தமிழில் இறுதியில் 'ஆ' சேர்த்தால் கேள்வி பிறக்கிறது: 'வந்தாரா?' ஆங்கிலத்தில் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் போனால் கேள்வி பிறக்கிறது: 'ஹி இஸ் கமிங்' என்பது செய்தி, 'இஸ் ஹி கமிங்?' என்பது வினா. இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு பெரிய தவற்றையும் தவிர்க்கலாம். 'அவர் எங்கே போகிறார் என்று கேட்டேன்' என்பதில் நான் இப்போது கேள்வி கேட்கவில்லை. முன்பு கேட்டதைச் செய்தியாகச் சொல்கிறேன். எனவே துணைவினை தன் இடத்திற்குத் திரும்பிவிட வேண்டும்: 'ஐ ஆஸ்க்ட் வேர் ஹி வாஸ் கோயிங்.' இதையே 'வேர் வாஸ் ஹி கோயிங்' என்று எழுதுவது மிகவும் பரவலான பிழை. தமிழில் 'என்று' என்ற சொல், பேசியவரின் வாக்கியத்தை அப்படியே தூக்கிவந்து வைத்துவிடுகிறது. 'நான் வருவேன் என்றான்' என்பதில் 'நான்' என்பது அவனைக் குறிக்கிறது, யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் மேற்கோள் குறி இல்லாமல் அப்படிச் செய்தால் 'நான்' என்பது எழுதுகிற உங்களைக் குறித்துவிடும். ஆகவே 'ஹி செட் தட் ஹி வுட் கம்' என்று ஆளையும் காலத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஒருவரிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்றுதான் சொல்கிறார்கள். ஒருமைக்கு 'இஸ்' வர வேண்டும் என்று படித்தோமே?

பதில்: 'இஸ்' என்பது படர்க்கை ஒருமைக்கு உரியது, முன்னிலைக்கு உரியதன்று. அதோடு, 'யூ' என்பது தோற்றத்தில் பன்மைச் சொல். முன்பு ஒருவரை அழைக்க 'தௌ' என்ற சொல்லும், பலரை அழைக்க 'யீ', 'யூ' என்ற சொற்களும் இருந்தன. மதிப்புக்குரிய ஒருவரையும் பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது. நம் மொழியில் 'நீ' இருக்க, மதிப்புக்காக 'நீங்கள்' என்று சொல்லி 'வந்தீர்கள்' என்று பன்மை விகுதி கொடுப்பது போன்றதே இது. நாளடைவில் எல்லாரையும் 'யூ' என்றே அழைக்கத் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுவழக்கிலிருந்து 'தௌ' பெரும்பாலும் விலகிவிட்டது. பன்மைக்குரிய 'ஆர்' மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 'நீங்கள் வந்தான்' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். அந்தச் செவியுணர்வை இங்கே துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'எ', 'ஆன்', 'தி' ஆகிய மூன்றும் எனக்குப் பெரும் தொல்லையாக இருக்கின்றன. தமிழில் இப்படி எதுவும் இல்லாததால் எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தெரியவில்லை. ஒரு தெளிவான வழி காட்டுவீர்களா?

பதில்: முதல் இரண்டும் எளியவை. அடுத்து வரும் சொல் உயிரொலியில் தொடங்கினால் 'ஆன்'. மெய்யொலியில் தொடங்கினால் 'எ'. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். 'அவர்' என்று ஒலிக்கும் மணி நேரத்தைக் குறிக்கும் சொல் 'ஹெச்' எழுத்தில் தொடங்கினாலும் அந்த எழுத்து ஒலிப்பதில்லை. ஆகவே 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' என்பது உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலிப்பது 'யூ'. ஆகவே 'எ யூனிவர்சிட்டி'. அதே காரணத்தால் 'ஆன் எம்.எல்.ஏ.' என்றே வரும். உயிருக்கு முன் 'ஓர்', மெய்க்கு முன் 'ஒரு' என்று எழுதப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியே அன்று.

தொல்லை தருவது 'தி'தான். எந்தப் பொருளைச் சொல்கிறேன் என்பது படிப்பவருக்குத் தெரியும் என்று நான் எண்ணினால் 'தி' போடுகிறேன். தெரியாது, இப்போதுதான் அறிமுகம் செய்கிறேன் என்றால் எண்ணத்தக்க ஒருமைப் பெயருக்கு முன் 'எ' போடுகிறேன். தமிழில் இப்படி எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதையும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தைக் கேட்பவர், ஏதோ ஒரு புத்தகம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்பவர், நாம் முன்பே பேசிய புத்தகம் என்று புரிந்துகொள்வார். அப்படிப் பேசியிராவிட்டால் 'எந்தப் புத்தகத்தை?' என்று கேட்பார். அஃறிணைப் பெயரில் 'ஐ' உருபு வெளிப்பட்டு நிற்பதற்கும் மறைந்து நிற்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ் பேசும் எல்லாரும் யோசிக்காமலே கடைப்பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஐயம் வந்தால், அந்தப் பொருளைத் தமிழில் செயப்படுபொருளாக வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'புத்தகத்தை' என்று வாய் சொன்னால் பெரும்பாலும் 'தி' வரும். 'புத்தகம்' என்றோ 'ஒரு புத்தகம்' என்றோ சொன்னால் 'எ' வரும். எல்லா இடத்திற்கும் இது பொருந்தாது. 'ஒரு புத்தகத்தை' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் நம்மிடம் உண்டல்லவா? ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இலக்கண நூல்களின் நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட இது மேல்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. அவற்றுக்கு முன் 'எ', 'ஆன்' வராது. இறுதியில் பன்மை 'எஸ்' வராது. அறிவுரைகள், தகவல்கள் என்று நாம் பன்மையில் சொல்லிப் பழகியதால் இந்தப் பிழை அலுவலகக் கடிதங்களில் விடாமல் வருகிறது.

கேள்வி: 'ஐ ஹாவ் ஃபினிஷ்ட் தி வொர்க் எஸ்டர்டே' என்று எழுதியதை என் மேலதிகாரி திருத்தினார். என்ன பிழை?

பதில்: 'ஹாவ்' சேர்ந்த இந்த அமைப்பு, முடிந்த செயலை இந்தக் கணத்தோடு இணைத்துப் பேசுவது, 'நேற்று' என்ற சொல் அந்த இணைப்பை அறுத்துவிடுகிறது. முடிந்துபோன நேரம் ஒன்றைக் குறிப்பிட்டுவிட்டால் வெறும் இறந்த காலம் போதும்: 'ஐ ஃபினிஷ்ட் தி வொர்க் எஸ்டர்டே.' நேரத்தைச் சொல்லாமல், வேலை முடிந்துவிட்டது என்பதை மட்டும் தெரிவித்தால் 'ஐ ஹாவ் ஃபினிஷ்ட்' சரியே. தமிழில் 'நேற்றே முடித்துவிட்டேன்' என்று தாராளமாகச் சொல்கிறோம். அந்த 'விட்டேன்' என்பதை ஆங்கிலத்தில் கொண்டுவர நினைத்துத்தான் 'ஹாவ்' சேர்த்துவிடுகிறோம்.

கேள்வி: 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்' என்பதற்குப் பின் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா?

பதில்: 'இஸ்'. எழுவாய் 'ஒன்'. அருகில் நிற்கும் பன்மைச் சொல்லின் ஒலி காதில் விழுவதால் 'ஆர்' என்று கை எழுதிவிடுகிறது. 'ஃபிரண்ட்' என்று ஒருமையில் எழுதுவதும் தவறு. பலருள் ஒருவர் என்பதால் அந்தச் சொல் பன்மையில்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதற்கு விதி உண்டா? மூச்சு விடும் இடத்தில் போடலாம் என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது நான் எழுதும் ஆங்கிலத்தில் காற்புள்ளி அதிகம் என்று சிலரும், முற்றுப்புள்ளி போதவில்லை என்று சிலரும் குறை சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு குறைகளும் பெரும்பாலும் ஒன்றுதான்: முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் நீங்கள் காற்புள்ளி போடுகிறீர்கள். இதை விரிவாகவே சொல்கிறேன்; நிறுத்தக்குறிகளில் தமிழர்கள் தவறும் இடங்களில் முதன்மையானது இது என்பது என் எண்ணம்.

தமிழ் வாக்கியம் தான் முடிந்ததைத் தானே அறிவிக்கிறது. 'வந்து' என்றால் இன்னும் ஏதோ வர இருக்கிறது. 'வந்த' என்றால் ஒரு பெயர் வர இருக்கிறது. 'வந்தால்' என்றால் விளைவு வர இருக்கிறது. 'வந்தார்' என்ற வினைமுற்று வந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது. புள்ளியே வைக்காத ஓலைச்சுவடிகளைப் படிக்க முடிந்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் முற்றுவினை வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பின் எத்தனை சொற்கள் வரும் என்பதைச் சொற்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முடிவை அறிவிக்கும் வேலை முற்றுப்புள்ளியின் தலையில் விழுகிறது. எனவே அங்கே நிறுத்தக்குறி அமைப்பின் ஓர் உறுப்பு. மூச்சை வைத்து அதை அளக்க முடியாது.

'தி மீட்டிங் வாஸ் லாங், வி லெஃப்ட் அட் சிக்ஸ்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். காற்புள்ளிக்கு இருபுறமும் எழுவாயும் முற்றுவினையும் கொண்ட முழு வாக்கியங்கள் நிற்கின்றன. இரண்டு முழு வாக்கியங்களைக் கட்டி நிறுத்தும் வலிமை காற்புள்ளிக்குத் தனியாகக் கிடையாது. நடுவில் முற்றுப்புள்ளி வைக்கலாம். 'ஆண்ட்', 'ஸோ', 'பட்' போன்ற இணைப்புச் சொல் ஒன்றைக் காற்புள்ளிக்குப் பின் சேர்க்கலாம். இரு கருத்துகளும் நெருங்கியவை என்று காட்ட விரும்பினால் அரைப்புள்ளி வைக்கலாம். 1490களில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ் பதிப்பித்த நூல்களில் தோன்றிய அரைப்புள்ளி இன்றும் இந்த வேலைக்கு உகந்தது. 'ஹவெவர்' என்ற சொல் இணைப்புச் சொல் போலத் தோன்றினாலும் இந்தக் கூட்டத்தில் சேராது; இரு வாக்கியங்களுக்கு நடுவில் அது வந்தால் அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோதான் வர வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'பிகாஸ் ஹி வாஸ் இல்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். 'அவருக்கு உடல்நலம் இல்லாததால்' என்று நிறுத்தியது போன்றதே அது. 'இருந்தாலும்' என்ற பொருள் தரும் 'தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' சேர்ப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டில் ஒன்று போதும்.

எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் தனியாக ஒரு காற்புள்ளி வரக் கூடாது. எழுவாய் நீண்டுவிட்டால் மூச்சு வாங்கத் தோன்றும். 'தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ கேம் லேட்' என்று எழுதியவுடன் கை காற்புள்ளியைத் தேடும். வையாதீர்கள். இடைச்செருகலான விளக்கம் ஒன்று வந்தால் அதன் முன்னும் பின்னுமாக இரண்டு காற்புள்ளிகள் வரும். ஒன்று மட்டும் வருவதில்லை. இந்த இரண்டு காற்புள்ளிகள் பொருளை எப்படி மாற்றுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. 'வெளிநாட்டில் வசிக்கும் என் அண்ணன் மருத்துவர்' என்று தமிழில் சொல்லும்போது எனக்கு அண்ணன் ஒருவரா, பலரா என்பது தெரிவதில்லை. ஆங்கிலத்தில் 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட் இஸ் எ டாக்டர்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் எனக்குப் பல சகோதரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் வெளிநாட்டில் வசிப்பவரைச் சொல்கிறேன் என்று பொருள். 'ஹூ' என்பதற்கு முன்னும் 'அப்ராட்' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி வைத்துவிட்டால் எனக்கு ஒரே சகோதரர், அவர் வெளிநாட்டில் இருப்பது கூடுதல் செய்தி என்று பொருள். இரண்டு சிறு கோடுகள் ஒரு குடும்பத்தின் உறுப்பினர் எண்ணிக்கையையே மாற்றிவிடுகின்றன.

பட்டியலில் கடைசிப் பொருளுக்கு முன் வரும் 'ஆண்ட்', 'ஆர்' ஆகியவற்றுக்கு முன்னால் காற்புள்ளி வேண்டுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க நூல் பதிப்பகங்கள் பெரும்பாலும் வைக்கின்றன. பிரிட்டிஷ் வழக்கில் வையாதவர்கள் அதிகம். எதைப் பின்பற்றினாலும் ஒரே முறையைக் கடைசிவரை கடைப்பிடியுங்கள். குழப்பம் வரும் இடத்தில் வைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேர ஊதியம் பற்றிய ஒரு சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்ட வேலைகளின் பட்டியல் இருந்தது. அதன் இறுதியில் 'அனுப்புவதற்காகப் பொட்டலமிடுதல்' என்பதற்கும் 'வினியோகம்' என்பதற்கும் நடுவில் 'ஆர்' இருந்தது. அதற்கு முன் காற்புள்ளி இல்லை. ஒரு பால்பொருள் நிறுவனத்தின் வாகன ஓட்டுநர்கள், 'அனுப்புவதற்காகவோ வினியோகத்திற்காகவோ பொட்டலமிடுதல் என்று அது ஒரே வேலையைத்தான் குறிக்கிறது. நாங்கள் வினியோகிப்பவர்கள், பொட்டலமிடுபவர்கள் அல்லர். ஆகவே எங்களுக்குக் கூடுதல் ஊதியம் உண்டு' என்று வழக்காடினார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்ட வாசகம் ஐயத்துக்கு இடமளிக்கிறது என்று கூறி ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தருவதாக உடன்பட்டு வழக்கு முடிந்தது. சட்ட வாசகமும் அரைப்புள்ளிகளுடன் திருத்தி எழுதப்பட்டது.

கேள்வி: 'இட்ஸ்' என்ற சொல்லில் மேலே தொங்கும் அந்தக் குறி எப்போது வரும்?

பதில்: 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கமாக இருந்தால் மட்டும் வரும். 'அதனுடைய' என்ற பொருளில் வராது. உடைமையைக் காட்ட அந்தக் குறி வரும் என்று படித்ததால்தான் இங்கே தடுமாறுகிறோம். அது பெயர்ச்சொல்லுக்கு உரிய விதி. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்', 'தேர்ஸ்' என்ற உடைமைச் சொற்கள் எதிலும் அந்தக் குறி இல்லை. 'இட்ஸ்' அந்த வரிசையில் ஒன்று. ஐயம் வந்தால் 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பெயர்ச்சொற்களில், ஒரு மாணவனுடையது என்றால் குறி 'எஸ்' எழுத்துக்கு முன். மாணவர்களுடையது என்றால் 'எஸ்' எழுத்துக்குப் பின். வெறும் பன்மைக்கு அந்தக் குறி தேவையே இல்லை.

கேள்வி: 'அட்', 'இன்' போன்ற முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று எங்கள் ஆசிரியை கண்டிப்பாகச் சொல்வார். ஆனால் 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று எல்லாரும் பேசுகிறார்கள். எது சரி?

பதில்: எல்லாரும் பேசுவது சரி. இந்தத் தடை ஆங்கிலத்தின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முற்பட்ட நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் ஒரு வரியைக் காட்டி இதைக் குறையாகச் சொன்னார். இலத்தீன் மொழியை அளவுகோலாகக் கொண்ட பிற்கால இலக்கண ஆசிரியர்கள் அதைப் பள்ளிவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். இலத்தீனில் அப்படி முடிக்க இயலாது. தமிழிலும் 'எதைப் பார்க்கிறீர்கள்' என்பதில் உள்ள 'ஐ' உருபைப் பெயரிலிருந்து பிரித்து வாக்கியத்தின் கடைசியில் வைக்க முடியாது. அதனால் ஆசிரியையின் விதி நம் காதுக்கு இயல்பாகப் படுகிறது. ஆங்கிலத்தில் 'அட்' தனிச்சொல். வினாச்சொல் முன்னால் நகர்ந்தாலும் அது வினையை ஒட்டி, தான் இருந்த இடத்திலேயே நிற்கலாம். மிகவும் முறையான கடிதத்தில் 'டு ஹூம்' என்று முன்னால் கொண்டுவருவதும் நன்றாகவே இருக்கும். பேச்சிலும் சாதாரணக் கடிதத்திலும் 'அட் வாட் ஆர் யூ லுக்கிங்?' என்று கேட்டால் கேட்பவர் திகைப்பார். தேர்வில் மட்டும், ஆசிரியை எதிர்பார்க்கும் வடிவத்தையே எழுதிவிட்டு வாருங்கள்.